லாஸ்ட் எத்ரயா, லாஸ்ட் எவ்வளவுங்க: ஒரு அசெம்பிள்டு சிஸ்டத்தை விற்ற கதை

2025 டிசம்பரில் ஏறக்குறைய மூன்று வாரம் என் போனில் ஒரே கேள்வி இரண்டு மொழிகளில் வந்துகொண்டிருந்தது. பாலக்காடு, திருச்சூர் பக்கத்து ஆட்கள் "லாஸ்ட் எத்ரயா?" என்றார்கள். கோவை, பொள்ளாச்சி ஆட்கள் "லாஸ்ட் எவ்வளவுங்க?" என்றார்கள். என்ன ப்ராசசர், எத்தனை வருடம் ஓடியது, பில் இருக்கிறதா என்றெல்லாம் யாரும் ஆரம்பிக்கவில்லை. எடுத்த எடுப்பில் கடைசி விலை.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. ஆந்திரத்துச் சித்தூர் இல்லை, இது வேறு. வீட்டிலும் கடைவீதியிலும் தமிழ், ஆபீஸ் காகிதமெல்லாம் மலையாளம். ஒரு பக்கம் வேலந்தாவளம் தாண்டினால் கோவை, இன்னொரு பக்கம் கோபாலபுரம் தாண்டினால் பொள்ளாச்சி. கல்யாண வீடியோ எடிட்டிங் என் தொழில். முகூர்த்த நாள் என்றால் எல்லைக்கு இரண்டு பக்கமும் வேலை இருக்கும்.

விற்ற சிஸ்டத்தை 2020 நவம்பரில் நானே சாமான் வாங்கிப் பூட்டினேன். ரைசன் 5 3600 ப்ராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்ட் டிஸ்க், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 550 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகத்துக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கிற பெட்டி). மானிட்டர் இல்லாமல் 68,600 ரூபாய் ஆனது. லாக்டவுனில் தள்ளிப்போன கல்யாணங்கள் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்த நேரம் அது. ஒரே வருடத்தில் முதலை எடுத்துவிட்டது.

அதை விற்கவேண்டி வந்ததற்குக் காரணம் சிஸ்டம் இல்லை, கேமரா. என் கூட்டாளி போன வருடம் புதுக் கேமரா வாங்கினான். அதில் 4கே, 10 பிட், 4:2:2 என்று ஒரு வகைப் பதிவு. கலர் அருமையாக வரும். ஆனால் 1660 சூப்பர் தலைமுறைக் கார்டுகளுக்கு 4:2:2 வீடியோவை ஹார்டுவேரிலேயே பிரித்துக் காட்டத் தெரியாது. முழுப் பாரமும் ப்ராசசர் தலையில் விழும். டைம்லைனில் தாலி கட்டுகிற இடத்தில் ப்ளே அழுத்தினால் மாப்பிள்ளை கை பாதியில் நின்று, நாதஸ்வரம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். இன்டெல் ப்ராசசர்களில் சில வருடங்களாகவே இதற்கான வசதி உண்டு. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. கல்யாண மண்டபத்திலேயே உட்கார்ந்து எடிட் செய்யும் வேலையும் கூடிவிட்டதால் இன்டெல் லேப்டாப் ஒன்று வாங்கினேன். பழைய சிஸ்டம் மேசைக்கடியில் சும்மா கிடந்தது.

செப்டம்பரில் கோவையில் ஒரு கடையில் கேட்டேன். சைடு கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை, வெளியிலிருந்தே பார்த்து "அசெம்பிள்டா? 13,000" என்றார். மனசு ஆறவில்லை, திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். அவர்மேல் குற்றம் சொல்லமாட்டேன். அவர் அதை இன்னொருவருக்கு விற்று, ஒரு மாதம் வாரண்டி கொடுத்து, வாடகையும் கட்டவேண்டும். அலைய நேரமில்லாதவர்களுக்கு அந்த விலை நியாயம்தான். எனக்கு நேரம் இருந்தது.

ஆனால் அந்த நேரத்தை வீணாக்கியதில் ஒரு நஷ்டம். எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் எஸ்எஸ்டிக்கும் ஐந்து வருட வாரண்டி. பில் தேதி 2020 நவம்பர். அக்டோபரில் விற்றிருந்தால் "இன்னும் வாரண்டி இருக்கிறது" என்று சொல்லியிருக்கலாம். ஒரு மாதமோ ஒரு வருடமோ, வாங்குகிறவருக்கு அந்த வார்த்தையே பெரிய ஆறுதல். நான் டிசம்பரில்தான் கையை வைத்தேன். உங்களிடம் விற்கிற எண்ணம் இருந்தால் முதல் வேலையாகப் பில்லை எடுத்து, எந்தப் பாகத்துக்கு எப்போது வாரண்டி முடிகிறது என்று பாருங்கள்.

விலை எப்படி வைப்பது? வாங்கின விலையில் இத்தனை சதவீதம் என்று போடுவது தப்பு. அசெம்பிள்டு சிஸ்டம் என்பது ஏழெட்டுச் சாமான் சேர்ந்த ஒரு கூட்டுக்குடும்பம், ஒவ்வொன்றுக்கும் வயசு ஒவ்வொரு மாதிரி ஏறும். ப்ராசசர் சாகாது, ஆனால் புதுசு வந்தால் விலை போய்விடும். எஸ்எம்பிஎஸ் பார்க்கப் புதுசு மாதிரி இருந்தாலும் ஐந்து வருடமானதை யாரும் நம்பி வாங்கமாட்டார்கள். கேபினெட்டுக்கு 4,000 கொடுத்தேன், 1,800க்குமேல் கேட்கக் கூச்சமாக இருந்தது. ஒவ்வொரு பாகத்தையும் பழைய சாமான் விற்கிற தளங்களில் தேடி, கேட்கிற விலையைப் பார்த்து அதில் கொஞ்சம் குறைத்து எழுதினேன். ப்ராசசர் 4,500, மதர்போர்டு 3,800, ரேம் 5,000, எஸ்எஸ்டி 2,000, கிராபிக்ஸ் கார்டு 8,500, எஸ்எம்பிஎஸ் 1,500, கேபினெட் 1,800. கூட்டினால் 27,100. விளம்பரத்தில் 31,000 என்று போட்டேன். பேரம் பேசாமல் வாங்குகிற ஆளை எல்லையின் எந்தப் பக்கத்திலும் நான் இதுவரை பார்த்ததில்லை.

அந்தப் பட்டியலில் ரேம் விலை மட்டும் விசித்திரமாகத் தெரியும். ஐந்து வருடம் முன்னால் 5,800 கொடுத்து வாங்கியதை 5,000க்கு விற்கமுடியுமா? அந்த டிசம்பரில் முடிந்தது. மெமரி கம்பெனிகள் எல்லாம் ஏஐ டேட்டா சென்டர்களுக்கான சிப் பக்கம் சாய்ந்துவிட்டன. என்னிடம் இருந்த டிடிஆர்4 வகை ரேமின் தயாரிப்பும் குறைந்தது. 2025 கடைசியில் ரேம் விலை தாறுமாறாக ஏறி, புது ரேமின் விலை நான் 2020இல் கொடுத்ததையே தாண்டிப் போயிருந்தது. செப்டம்பரில் விற்றிருந்தால் இதே ரேமுக்கு இரண்டாயிரம் கிடைத்திருந்தால் பெரிசு. வாரண்டியில் விட்டதை ரேமில் பிடித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சுத்தம் செய்யும் வேலை. இதில்தான் நான் செய்த பெரிய முட்டாள்தனம்.

மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் ஊரை எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஜன்னலை மூடினாலும் மேசைமேல் விரலால் கோலம் போடலாம். ஐந்து வருடத் தூசி கேபினெட்டுக்குள் கம்பளி மாதிரி படிந்திருந்தது. ப்ளோயர் வைத்து ஊதினேன். ஊதும்போது மின்விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளவேண்டும், இல்லையென்றால் காற்றின் வேகத்தில் கன்னாபின்னாவென்று சுற்றி பேரிங் போய்விடும். அதுவரை சரி. அப்புறம் ப்ராசசருக்கும் அதன்மேல் உட்காரும் கூலருக்கும் நடுவே சூடு கடத்துகிற தெர்மல் பேஸ்டை மாற்றிவிடலாம், சூடு குறைந்தால் ஒரு மதிப்பு என்று ஆசை வந்தது.

கூலரின் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றி நேராக மேலே இழுத்தேன். வரவில்லை. கொஞ்சம் அழுத்தி இழுத்தேன். 'டப்' என்று வந்தது. திருப்பிப் பார்த்தால் கூலரின் அடியில் ப்ராசசரும் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது. லீவர் பூட்டியபடியே இருக்க, சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஐந்து வருடத்தில் காய்ந்த பேஸ்ட் பசை மாதிரி பிடித்திருக்கிறது. இழுத்த வேகத்தில் கை கேபினெட் விளிம்பில் போய் இடித்ததில் மூலையில் இரண்டு பின் சாய்ந்துவிட்டன.

ஏஎம்4 சாக்கெட்டில் உட்காரும் இந்த வகை ப்ராசசருக்கு அடியில் 1,331 பின். முடி மாதிரி மெல்லியது ஒவ்வொன்றும். ஒன்று உடைந்தாலும் கதை முடிந்ததாகவே வைத்துக்கொள்ளவேண்டும். 4,500 ரூபாய் கையில் அப்படியே ஆடிக்கொண்டிருந்தது. என் மகளின் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த மைக்ரோ டிப் பென்சிலை எடுத்தேன். லீடை வெளியே எடுத்துவிட்டால் அதன் முனைக்குழாய்க்குள் பின் சரியாகப் போகும். மூச்சைப் பிடித்துக்கொண்டு, மொபைல் வெளிச்சத்தில், கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தினேன். வரிசை நேராக இருக்கிறதா என்று பழைய விசிட்டிங் கார்டை இடையில் விட்டுப் பார்த்தேன். நாற்பது நிமிடம் ஆனது. சாக்கெட்டில் அழுத்தாமல் தானாக இறங்கியது. ஆன் செய்து திரையில் எழுத்து வந்தபிறகுதான் தண்ணீர் குடித்தேன்.

சரியான முறை ரொம்ப எளிது. கழற்றுவதற்குமுன் சிஸ்டத்தைப் பத்து நிமிடம் நன்றாக ஓடவிட்டு ப்ராசசரைச் சூடாக்கவேண்டும், பேஸ்ட் இளகும். ஆஃப் செய்து, வயரைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, பிடி விட்டதும் தூக்கவேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியாததில்லை. மற்றவர்கள் சிஸ்டத்துக்கு நானே சொன்னதுண்டு. என்னைக் கேட்டால், விற்கப்போகிற சிஸ்டத்தில் ஓடுகிற பாகத்தைத் தொடவே வேண்டாம், தூசி தட்டினால் போதும்.

ப்ராசசரின் பின் வளைந்து நிமிர்த்தியதை வாங்குகிறவரிடம் சொல்வதா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் முடிவு செய்தேன். ஓடுகிறது, சோதித்துக் காட்டுகிறேன், அவ்வளவுதான். பின்னால் அவரே ஒருநாள் கூலரைக் கழற்றிப் பார்த்துக் கண்டுபிடித்தால் நான் என்ன முகத்தோடு போனை எடுப்பது?

சோதித்துக் காட்டுவதற்கு எல்லாமே இலவச மென்பொருள்கள்தான். மெம்டெஸ்ட்86 வைத்து ராத்திரி முழுக்க ரேமை ஓட்டினேன், ஒரு பிழையும் இல்லை. ஃபர்மார்க் வைத்து கிராபிக்ஸ் கார்டைக் கால்மணி நேரம் வாட்டினேன், 72 டிகிரியில் நின்றது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் எஸ்எஸ்டி ஆரோக்கியம் 85 சதவீதம். 1 டிபி ஹார்ட் டிஸ்க்குக்கு மட்டும் மஞ்சள் எச்சரிக்கை காட்டியது, படிக்கமுடியாத செக்டர்கள் சேர ஆரம்பித்துவிட்டன. அதை விற்பதில்லை என்று அப்போதே எடுத்து வைத்துவிட்டேன். இந்தத் திரைகளை எல்லாம் தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து விளம்பரத்தில் சேர்த்தேன். எரிகிற கலர் லைட்டின் அழகைவிட இந்த நாலு போட்டோதான் நல்ல ஆட்களைக் கொண்டுவந்தது. அதைப் பார்த்தும் "கண்டிஷன் எப்படிங்க?" என்று கேட்டவர்கள் வாங்கவில்லை.

நிறைய பேர் கேட்ட இன்னொரு கேள்வி, "மைனிங் கார்டா?" நியாயமான பயம். 2021இல் கிரிப்டோவுக்காக இந்தக் கார்டுகளை ராப்பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் இந்தக் கார்டுகள் தேவைப்படாத முறைக்கு மாறியதும் அந்தத் தொழில் படுத்து, ஓடி ஓடிக் களைத்த கார்டுகள் எல்லாம் பழைய சந்தைக்கு வந்துவிட்டன. என்னிடம் 2020 பில் இருந்தது, ஐந்து வருடமாக ஒரே கேபினெட்டில் இருந்ததற்கு என் போனிலேயே பழைய போட்டோக்கள் இருந்தன. அதைக் காட்டினேன்.

"வின்டோஸ் 11 ஏறுமா?" என்பதும் முக்கியமான கேள்விதான். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வின்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்துவிட்டது. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிஸ்டம் வைத்திருப்பவர்கள் பாடு திண்டாட்டம். ரைசன் 3600க்குப் பிரச்சினை இல்லை. மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் போய் எஃப்டிபிஎம் என்கிற பாதுகாப்பு வசதியை ஆன் செய்தால் போதும். நான் வின்டோஸ் 11 போட்டே வைத்திருந்தேன். அதே பி450 போர்டில் பயாஸ் புதுப்பித்தால் ரைசன் 5000 வரிசை வரைக்கும் ப்ராசசர் மாற்றலாம் என்பதையும் விளம்பரத்தில் எழுதினேன். நாளைக்கு வளர்க்க இடமிருக்கிறது என்றால் வாங்குகிறவருக்குக் கை கொஞ்சம் நீளும்.

இனி வந்த ஆட்கள். முதல் நாளே ஒருவர் இந்தி கலந்த இங்கிலீஷில் பேசினார். ராணுவத்தில் இருக்கிறாராம், பார்க்கவே வேண்டாமாம், 31,000க்கே எடுத்துக்கொள்கிறாராம், லாரி அனுப்புகிறாராம். அட்வான்ஸ் போடுகிறேன், நான் அனுப்புகிற க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள் என்றார். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் போட்டால் பணம் நம்மிடமிருந்துதான் போகும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்திருந்தேன், போன வருடம் எங்கள் தெருவிலேயே ஒருவர் சோபா விற்கப்போய் 8,000 இழந்திருக்கிறார். ஆள்மாற்றி ஆள் பணம் கேட்டு கலெக்ட் ரிக்வெஸ்ட் அனுப்புகிற வசதியை 2025 அக்டோபர் 1 முதல் யுபிஐயில் நிறுத்திவிட்டார்கள், அதனால் இப்போது க்யூஆர் பக்கம் போயிருக்கிறார்கள். மாட்டிக்கொண்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அடியுங்கள், நேரம் போகப் போகப் பணம் கைமாறிவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவையிலிருந்து நாலு பேர் இரண்டு பைக்கில் வந்தார்கள். முக்கால் மணி நேரம் பார்த்தார்கள். ஒரு கேம் போட்டு விளையாடினார்கள். பேச்சில் ஒரு குளுமை இருந்தது. கிளம்பும்போது ஒருவன் "அண்ணா, இங்க நல்ல கள்ளு எந்தக் கடைலங்கண்ணா?" என்றான். தமிழ்நாட்டில் 1987லிருந்து கள்ளுக்குத் தடை. சித்தூர் தாலுகா தென்னங்கள்ளுக்குப் பேர்போனது. கம்ப்யூட்டர் பார்க்க வந்தது வீட்டில் சொல்ல ஒரு காரணம். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் நேரம் கொடுப்பதில்லை.

திருச்சூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் மூன்று முறை கூப்பிட்டார். "சேட்டா, ராம் மாத்ரம் தருமோ?" ரேம் மட்டும் வேண்டும், 6,000 தருகிறேன் என்றார். ஆசையாகத்தான் இருந்தது. பாகம் பாகமாக விற்றால் மொத்தத்தில் நாலைந்தாயிரம் கூடக் கிடைக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் இந்தச் சிஸ்டத்தில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ரைசன் 3600க்குள் கிராபிக்ஸ் கிடையாது. மதர்போர்டின் பின்னால் ஹெச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும், ஆனால் இந்த ப்ராசசரோடு அது வெறும் அலங்காரம். கிராபிக்ஸ் கார்டை விற்றுவிட்டால் மிச்சம் இருப்பது ஓடுகிறதா இல்லையா என்று யாருக்கும் காட்டமுடியாது. ரேமை விற்றாலும் அதே கதி. நல்ல சாமானெல்லாம் இரண்டு நாளில் போய்விடும், கேபினெட்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் போர்டும் வீட்டில் வருடக்கணக்கில் கிடக்கும். முதலில் முழுதாக விற்கப் பாருங்கள், ஒரு மாதம் கழித்தும் போகவில்லை என்றால் பிரியுங்கள். ப்ராசசருக்குள் கிராபிக்ஸ் இருக்கிற சிஸ்டமாக இருந்தால் கார்டை மட்டும் தனியாக விற்பது லாபம், அங்கே கணக்கே வேறு.

கடைசியில் வாங்கியவர் பொள்ளாச்சிக்காரர், தேங்காய் வியாபாரம். மகன் காலேஜில் விஷுவல் கம்யூனிகேஷன் முதல் வருடம். பையன்தான் விளம்பரத்தைப் பார்த்திருக்கிறான், முதல் மெசேஜிலேயே எஸ்எஸ்டி ஆரோக்கியத்தையும் எஸ்எம்பிஎஸ் மாடலையும் பற்றிக் கேட்டான். விலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இவன் வாங்குவான் என்று அப்போதே தோன்றிவிட்டது.

ஒரு புதன்கிழமை காலை ஆம்னி வேனில் இரண்டு பேரும் வந்தார்கள். மேசைமேல் என் மானிட்டரில் இணைத்து ஓடவிட்டிருந்தேன். அப்பா உட்கார்ந்து காபி குடித்தபடி கேபினெட்டையே பார்த்தார். பையன் ஃபர்மார்க் ஓட்டினான், ஃபேன் சத்தத்தைக் காதை வைத்துக் கேட்டான், யுஎஸ்பி ஓட்டை ஒவ்வொன்றிலும் பென்டிரைவ் செருகிப் பார்த்தான். நான் பின் வளைந்த கதையைச் சொன்னேன். அவன் முகம் கொஞ்சம் மாறியது. "சரிங்கண்ணா, இன்னும் அரைமணி நேரம் ஓட்டிப் பாத்துக்கலாங்களா?" என்றான். ஓட்டினோம்.

விலைப் பேச்சு வந்தபோது அப்பா மானிட்டரைக் காட்டி, "ஏனுங்க, இந்த டிவிப் பொட்டியும் சேத்தித்தானுங்க?" என்றார். விளம்பரத்தில் கடைசி வரியில் மானிட்டர் இல்லை என்று எழுதியிருந்தேன். அவருக்கு அதுதான் கம்ப்யூட்டர், கீழே இருக்கிற பெட்டி ஏதோ ஸ்டெபிலைசர். இவ்வளவு நேரம் அந்த எண்ணத்தில்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பையன் காதில் ஏதோ சொன்னான். கிளம்பிவிடுவார் என்றே நினைத்தேன். எது சேராதோ அதை விளம்பரத்தின் முதல் வரியில் எழுதவேண்டும், போட்டோவிலும் அது தெரியக்கூடாது.

"முப்பதாயிரத்துக்குப் புதுசே வருதாமா" என்றார். உண்மைதான், தனி கார்டு இல்லாத சிஸ்டம் வரும், வாரண்டியோடு. அதில் இவன் எடிட்டிங் செய்தால் தடவும் என்று பையனே அப்பாவிடம் விளக்கினான். எனக்கு வேலை மிச்சம். 25,000இல் ஆரம்பித்து 27,500இல் முடிந்தது. பழைய கீபோர்டும் மவுஸும் சும்மா கொடுத்தேன்.

பணம் பாதி ரொக்கம், பாதி ஜிபே என்றார். யாரோ நண்பர் போனிலிருந்து போடச் சொல்கிறேன் என்றபோது மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2023இல் கேரளத்தில் நிறையப் பேருடைய வங்கிக் கணக்கு முடங்கியது நினைவிருக்கும். எங்கோ ஒரு மோசடிப் பணம் யுபிஐ வழியாகக் கைமாறி வந்து சேர்ந்ததால், சம்பந்தமே இல்லாத கடைக்காரர்களும் மாட்டினார்கள். அவர் கணக்கிலிருந்தே போட்டார். வெள்ளைத் தாளில் ஒரு விற்பனைச் சீட்டு எழுதினேன். போர்டு, கார்டு, எஸ்எஸ்டி இவற்றின் சீரியல் நம்பர், தேதி, தொகை, சோதித்துப் பார்த்து வாங்கினேன் என்று ஒரு வரி, இருவர் கையெழுத்து. ஆளுக்கொரு காப்பி, கூடவே என் பழைய பில்லும். அது அவருக்குத் திருட்டுச் சாமான் இல்லை என்பதற்குச் சாட்சி, எனக்கு நாளைக்கு வம்பு வராமல் இருக்க.

டேட்டா விஷயத்தை முன்னமே சொல்லியிருக்கவேண்டும். என் சிஸ்டத்தில் ஐந்து வருடக் கல்யாணங்கள் இருந்தன, அதாவது அடுத்தவர் வீட்டுப் பெண்களின் போட்டோ. சும்மா ஃபார்மேட் அடித்தால் அதை ரெகவரி மென்பொருள் வைத்துத் திரும்ப எடுத்துவிடலாம். அதனால் எஸ்எஸ்டியைப் பயாஸில் இருக்கிற செக்யூர் இரேஸ் வழியாகத் துடைத்து, அதன்பிறகு வின்டோஸை மறுபடி ஏற்றினேன். அதற்குமுன் எடிட்டிங் மென்பொருளில் சைன் அவுட் செய்தேன். அடோபி கணக்குக்கு இரண்டு சிஸ்டம்தான், ஓர் இடத்தை இதோடு அனுப்பிவிட்டால் அப்புறம் தலைவலி. மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனப் பட்டியலிலிருந்தும் நீக்கினேன். பழைய ஹார்ட் டிஸ்க்கைத் துடைக்கக்கூட நம்பிக்கை இல்லை, மூன்று இடத்தில் டிரில் போட்டு ஆணியில் மாட்டிவைத்திருக்கிறேன்.

வண்டியில் ஏற்றும்போது கிராபிக்ஸ் கார்டைக் கழற்றித் தனியாகப் பெட்டியில் வைத்தேன். கனமான கார்டு ரோட்டுக் குழியில் ஆடினால் ஸ்லாட்டே பெயர்ந்துவிடும். கேபினெட்டை நிற்கவைக்காமல், போர்டு கீழே தட்டையாக வருகிற மாதிரி படுக்கவைத்து, கண்ணாடி மேல்பக்கம், சுற்றிப் பழைய போர்வை. ஜிஎஸ்டி வந்தபிறகு வரிச் சாவடி இல்லை. ஆனால் கோபாலபுரத்தில் எக்சைஸ்காரர்கள் நிற்பார்கள், பெட்டி என்றால் திறக்கச் சொல்லலாம். சீட்டைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். வண்டியை நிறுத்தவே இல்லையாம்.

கார்டை மறுபடி மாட்டுவது எப்படி என்று பையனை இங்கேயே ஒருமுறை செய்யவைத்துப் பார்த்தேன். ஸ்லாட்டின் கொக்கி 'டிக்' என்று விழவேண்டும், பவர் வயர் செருகவேண்டும், எல்லாம் சரியாகச் செய்தான்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் போன்.

"அண்ணா, டிஸ்ப்ளே வரலீங்கண்ணா. ஃபேன் எல்லாம் சுத்துது, லைட் எரியுது. மானிட்டர்ல நோ சிக்னல்னு வருது."

வயிற்றைப் பிசைந்தது. அந்த இரண்டு பின் கண்ணுக்குள் வந்து போனது. ரேமைக் கழற்றி மாட்டு என்றேன். மாட்டினான். வரவில்லை. கார்டு சரியாக உட்கார்ந்திருக்கிறதா, பவர் வயர் செருகியிருக்கிறதா என்றேன். இருக்கிறது என்றான். பணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டி வந்தால் ஜிபேயில் போட்டுவிடலாம், ரொக்கத்தில் ஐயாயிரம் ஏற்கெனவே செலவாகிவிட்டதே என்று ஒருபக்கம் கணக்கு ஓடியது.

அப்புறம்தான் உறைத்தது. "தம்பி, ஹெச்டிஎம்ஐ கேபிளை எங்க சொருகிருக்க? மேல யுஎஸ்பி பக்கத்துலயா, கீழ படுத்த மாதிரி இருக்கறதுலயா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. ஏதோ உரசுகிற சத்தம்.

"வந்துருச்சுங்கண்ணா."

பின்னாலிருந்து அவன் அப்பாவின் குரல் கேட்டது. "டிவிப் பொட்டிலதான் ரிப்பேரான்னு கேளுடா."